வளைவில் வெட்டிய பிளாட்போம்

எங்கள் வீட்டு ஹோலில் ரயில் ஓடுகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு மேசையையும் என்னுடைய பழைய தையல் மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதன்மேல் எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் பலகையைப் படுக்கவைத்தால் ஹோலில் மிச்சம் என்ன இருக்கும்? சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள்ளே என் சக்கரக் கதிரை போகாது. குசினிக்குப் போக வேண்டுமென்றால், "ஏங்க, கொஞ்சம் பலகைய நகத்துங்க" என்று கேட்க வேண்டும். என் வீட்டுக் குசினிக்குப் போக நான் அனுமதி கேட்க வேண்டும்! அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

எனக்குச் சீனி வருத்தம். வலது காலை முழங்காலுக்குக் கீழே பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. போனது போச்சு. அதற்கு முன் நாங்கள் இருந்த வீட்டுக்கு ரோட்டிலிருந்து படி இறங்கி, மறுபடி படி ஏறி, இன்னொருத்தர் முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். கண்டியில் பாதி வீடுகள் அப்படித்தான். கால் போன பிறகு பேராதனைப் பக்கம் ரோட்டு மட்டத்தில் ஒரு வீடு பார்த்து மாறினோம். பின்னால் ரயில் பாதை. ஒவ்வொரு ரயில் போகும்போதும் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும்.

எனக்கு ரயில் என்றால் உயிர். நகரசபையில் கிளார்க்காக இருந்த காலம் முழுக்க ரயிலில்தான் வேலைக்குப் போனேன். என் கணவரைப் பார்த்ததும் ரயிலில்தான். அவரும் அவருடைய கூட்டாளியும் ஒரே பெட்டியில் ஏறி, மடியில் பேப்பரை விரித்துச் சீட்டு விளையாடிக்கொண்டே போவார்கள். அந்தக் கூட்டாளிக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைச் சொல்வதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நான் தங்கச்சி.

மகளைக் கம்பளையில் கட்டிக்கொடுத்தோம். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று போன் வந்ததும், "கோச்சில போவோம்" என்றேன். இவர் வேன் பிடிக்கலாம் என்றார். வேனில் போகலாம்தான். கதிரையை மடித்துப் பின்னால் போட்டு, என்னையும் ஒரு ஓரத்தில் போட்டு, வளைவுக்கு வளைவு குடலைப் பிரட்டிக்கொண்டு போகலாம். எனக்கு ரயிலில் போக வேண்டும். ஜன்னலோரம் உட்கார வேண்டும். ஆசை, அவ்வளவுதான். கால்தானே போனது, ஆசையையுமா ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்?

போனோம். எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்தான். ரயில் வந்து நின்றது. பெட்டியின் வாசல் என் தலைக்கு நேரே இருந்தது. பிளாட்போம் கீழே, வாசல் மேலே, நடுவில் செங்குத்தாக இரண்டு இரும்புப் படி, அதற்கும் பிளாட்போமுக்கும் இடையில் ஒரு பள்ளம். முன்னே அதில் எத்தனை தடவை ஏறியிருப்பேன்! ஒரு நாளும் அது கண்ணில் பட்டதில்லை. இரண்டு பொடியன்மார் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். "பரிஸ்ஸமின், பரிஸ்ஸமின்" என்று சிங்களத்தில் கவனம் சொல்லிச் சொல்லித் தூக்கினார்கள், நல்ல பிள்ளைகள். நான் வாசல் கைப்பிடியை எட்டிப் பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன் என்றால் பிடித்தேவிட்டேன், இரும்பு உள்ளங்கையில் சுட்டது. அந்த நேரம் பார்த்து இவர் கத்தினார்.

"வேணாம், வேணாம். எறக்கிடுங்க தம்பி. அவளுக்கு முடியாது."

இறக்கிவிட்டார்கள். ரயில் போய்விட்டது. நான் கதிரையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த பிறகு பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள், அச்சில் போட முடியாது. நான் விழுந்துவிடுவேன் என்று பயந்துபோனதாக இவர் சொன்னார். சரி, பயம்தானே, மனுசனுக்கு வரும் என்று விட்டுவிட்டேன். வேன் பிடித்து, போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்து, பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பலகை வந்தது. லண்டனிலிருந்து லீவில் வந்த நானாவின் தம்பி ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்திருந்தாராம். உள்ளே விளையாட்டு ரயில், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், ரயிலைப் பாதை மாற்றிவிடும் பொயின்டுகள். நானா வீட்டில் பேரப்பிள்ளைகள் இரண்டே நாளில் பிய்த்துப் போடுவார்கள் என்று அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இவர் என்னிடம் வந்து, முகமெல்லாம் பல்லாக, "ஒனக்குத்தான் செய்றோம்" என்றார்.

எனக்காம்! என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? பென்சிலும் அடிமட்டமுமாக இரண்டு பேரும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நீள்வட்டமாக ஒரு பாதை. அதற்குள்ளே ரயிலும் ரயிலும் விலகிப்போக இன்னொரு பாதை. சாமான் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்த ஒரு கிளை. மூலையில் மலை, மலைக்குள் சுரங்கம். இரண்டு பிளாட்போம், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக உயரமாக ஒரு பாலம். சுரங்கத்தைத் தாண்டி ஸ்டேஷன் வர வேண்டுமா, ஸ்டேஷனைத் தாண்டிச் சுரங்கம் வர வேண்டுமா என்று நாள் கணக்கில் சண்டை போட்டார்கள். தேத்தண்ணி கேட்டார்கள். நான் குசினிக்குப் போக வழி விட்டால்தானே தேத்தண்ணி? அது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

டிவி வாங்கும்போது பெட்டிக்குள் அடைத்து வருமே வெள்ளை ரெஜிபோம், அதை அறுத்துப் பிளாட்போம் செய்தார்கள். நாலு பெட்டி நிற்க வேண்டுமாம். பலகையின் நேரான பக்கத்தில் அவ்வளவு நீளம் கிடையாது. ஆகவே பிளாட்போமை இரண்டு பக்கமும் வளைவுக்குள்ளே நீட்டிவிட்டார்கள். முதல் தடவை கையால் தள்ளிப் பார்த்தபோது பெட்டியின் மூலை ரெஜிபோமில் இடித்து நின்றது. வளைவில் போகும்போது நீளமான பெட்டியின் மூலைகள் வெளியே தள்ளும், அதன் நடுவயிறு உள்ளே தள்ளும். ஆக, எந்தப் பக்கம் பிளாட்போம் வைத்தாலும் இடிக்கத்தான் செய்யும்.

அதற்கு நானாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. உள்ளதிலேயே நீளமான பெட்டியை எடுத்து, அதன் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டு ஒரு பென்சிலைக் கட்டினார். பெட்டியை மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். பென்சில் ரெஜிபோமின்மேல் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கோட்டில் பிளேடை வைத்து அறுத்தார். மறுபடி தள்ளினார், மறுபடி இடித்தது, மறுபடி அறுத்தார். இவர் பக்கத்தில் நின்று வெள்ளைத் தூளை ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ரயில் எதிலும் படாமல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போனேன். பெட்டிக்கும் பிளாட்போமுக்கும் இடையில் என் விரலை விட்டுப் பார்த்தேன். சுளுவாக உள்ளே போனது. அந்த ரயிலின் அளவுக்கு மனுசன் என் பெருவிரலில் பாதி உயரம்தான் இருப்பான். அவன் அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஆளே தெரியாது.

"இதுல எப்படிங்க ஏறுறது?" என்றேன்.

நானா சிரித்தார். "அது அப்புடித்தான் ஈக்கும் தங்கச்சி. வளைவுல பொட்டி வெளிய தள்ளுது தானே. என்ன செய்ய?"

"அப்ப வளைவுல எதுக்கு பிளாட்போம் வச்சீங்க?"

"நாலு பொட்டி நிக்கோணுமே."

"ஏறுறதுக்கு ஆளே இல்லாத கோச்சிக்கு நாலு பெட்டி எதுக்கு?"

இவர் குறுக்கே வந்தார். "இது வெளாட்டுக் கோச்சி தானே. இதுல யாரு ஏறப்போறா?"

கோபம் எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேலேதான் நிற்கும். அன்று தலைக்கு ஏறிவிட்டது. "வெளாட்டா? எனக்குத்தான் செய்றீங்கன்னு சொன்னீங்களே. கோச்சி இடிச்சா பிளாட்போம வெட்டுறீங்க. மறுபடி இடிச்சா மறுபடி வெட்டுறீங்க. அந்தக் கோச்சிப் பாதைய மாத்தணும்னு ஒங்க ரெண்டு பேருல ஒருத்தருக்காவது தோணுச்சா? எந்த மகராசன் அங்க ஸ்டேஷன் கட்டினானோ அவன் புத்தியேதான் ஒங்களுக்கும். பொம்மை செய்யக்குள்ளகூட நல்லதா ஒண்ணு செய்யத் தெரியல. அந்த பிளேடக் கீழ வைங்க நானா. இந்த வீட்டுல வெட்டினது போதும்."

நானா பிளேடை மேசையில் வைத்துவிட்டு, வெள்ளைத் தூளைக் கையால் கூட்டி ஒதுக்கினார். நல்ல மனுசன். எனக்கு அவர்மேல் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று நான் விடவில்லை. அழிறப்பரை வாங்கி அவர்கள் போட்ட கோட்டையெல்லாம் எட்டிய மட்டும் அழித்தேன். எட்டாத இடத்தை இவரை அழிக்கச் சொன்னேன்.

பிறகு நான் சொல்லச் சொல்ல வரைந்தார்கள். பிளாட்போம் வளைவுக்குள் போகக் கூடாது, பலகையின் நேரான பக்கத்தில் நடுவில் இருக்க வேண்டும், அங்கே எத்தனை பெட்டி நிற்குமோ அத்தனை போதும். இரண்டு பெட்டிதான் நின்றது. நிற்கட்டும். பாதை மாற்றும் பொயின்டுகள் அந்த நேரான இடத்தைத் தின்றன. அவற்றை வளைவுக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னேன். கிளைப் பாதை குட்டையாகிவிடும் என்று நானா முனகினார். சாமான் பெட்டிக்குக் காலா வலிக்கப்போகிறது?

பிளாட்போமின் உயரத்துக்கு ரெஜிபோமில் இன்னொரு தட்டு ஒட்டச் சொன்னேன், பெட்டியின் தரையும் பிளாட்போமின் தரையும் ஒரே மட்டத்துக்கு வர. ஓரத்தில் படி வேண்டாம், ரோட்டு வரைக்கும் சரிவாக இறக்கச் சொன்னேன். அடுத்தது பாலம். அதைத் தூக்கச் சொன்னதும் இவர் முகம் தொங்கிவிட்டது. ஐஸ்பழக் குச்சிகளை ஒட்டி ஆசை ஆசையாக அவரே செய்த பாலம்.

"பாலம் இல்லாம அடுத்த பிளாட்போமுக்கு எப்படிப் போறது?"

"அடுத்த பிளாட்போமே வேணாம். எல்லாக் கோச்சியும் இந்தப் பக்கமே வரட்டும். அதுக்குத்தானே பொயின்ட் வச்சிருக்கு? மனுசன் பாலம் ஏறி எறங்கணுமா, கோச்சி பாதை மாறி வரணுமா? சொல்லுங்க."

"ரெண்டு கோச்சி ஒண்ணா வந்தா?"

"ஒண்ணு வெளிய நிக்கட்டும். நிக்கிறதுக்கு அதுக்கு என்ன கேடு?"

இவர் தலையைச் சொறிந்தார். "அப்படி ஒரு ஸ்டேஷன் நம்ம லைன்ல எங்கயும் நான் பாத்ததில்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். நானா மறுபடியும் பெட்டியில் பென்சிலைக் கட்டித் தள்ளினார். நேரான பாதையில் பென்சில் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோட்டை ஒட்டியே பிளாட்போமை வைத்தோம். பெட்டிக்கும் பிளாட்போமுக்கும் நடுவே ஒரு பேப்பர்தான் நுழையும். "அட, தங்கச்சி செல்றது சரிதான் மச்சான்" என்றார் நானா இவரிடம். பொய் சொல்ல மாட்டேன், அன்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த வீட்டில் நான் சொல்லி ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை.

முதல் ஓட்டத்துக்கு இவர் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார். நானாவின் வீட்டிலிருந்து இனிக்க இனிக்க வட்டிலப்பம் வந்தது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் வந்தார். பலகையின்மேல் மலைக்குப் பச்சை அடித்து, பிளாட்போமில் பெயர்ப்பலகை எழுதாமல் விட்டிருந்தார்கள், எந்த ஊர் ஸ்டேஷன் என்று இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிளாட்போமின் நடுவில் புதிதாக ஒன்று இருந்தது. வயரை வளைத்து, இரண்டு சின்னச் சக்கரம் வைத்து, அதில் சேலை கட்டிய ஒரு பொம்மை. எனக்குத் தெரியாமல் இவர் செய்திருக்கிறார்.

"இது நீ" என்றார்.

மனுசன் எத்தனை நாள் உட்கார்ந்து இதைச் செய்திருப்பார் என்று நினைத்தேன். சுவிட்சைப் போட்டார். சுரங்கத்திலிருந்து ரயில் வந்தது. வளைவு தாண்டி, நேரான பாதைக்கு வந்து, பொம்மைக்கு நேரே பெட்டி வாசல் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுபடி சுவிட்ச். ரயில் புறப்பட்டுப் போனது. பொம்மை பிளாட்போமிலேயே இருந்தது. ரயில் சுற்றிக்கொண்டு வந்தது, நின்றது, போனது. பொம்மை இருந்தது.

"அதத் தூக்கி உள்ள வைங்க" என்றேன்.

"முடியாது. ஒட்டிட்டேன்" என்றார். "விழாம இருக்கட்டும்னு சுப்பர் குளூ போட்டு ஒட்டிட்டேன்."

டீச்சர் என் தோளில் கைவைத்தார். "ஓம், இனி நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை அக்கா. கோச்சியே உங்களிட வீட்டுக்கு வந்திட்டுது." நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டினார். எல்லோரையும்விட அவர்தான் பலமாக ஆட்டினார், பெரிய பாரம் ஒன்று இறங்கியதுபோல. அதைப் பார்த்ததும் வாயிலிருந்த வட்டிலப்பம் எனக்குக் கசந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "அன்னைக்கு ஏன் எறக்கச் சொன்னீங்க?"

"எப்ப?"

"எப்பன்னு தெரியாதா? நான் கைப்பிடியப் புடிச்சிட்டேன். இன்னும் ஒரு தூக்குத் தூக்கியிருந்தா உள்ள போயிருப்பேன். நான் விழுந்துருவேன்னு பயந்தீங்களா? மெய்யாவா?"

இவர் ரயில் பெட்டி ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எல்லாரும் பாத்தாங்க" என்றார் கடைசியில்.

"யார? என்னையா?"

"நம்மள."

பெட்டியைக் கீழே வைத்தார். "ஸ்டேஷன் முழுக்க வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நிக்குது. ஒன்ன ஒரு சாமானத் தூக்குற மாதிரி... எனக்குத் தாங்கல" என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் அந்த இடத்தில் இளகியிருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "அவளுக்கு முடியாதுன்னு ஸ்டேஷனுக்கே கேக்கக் கத்தினீங்களே! எனக்கு முடிஞ்சிச்சு. ஒங்களுக்குத்தான் முடியல. தூக்கினது என்னைய, தொங்கினது நான், வெக்கம் மட்டும் ஒங்களுக்கா? அதுக்குப் பரிகாரமா இந்தப் பலகையக் கொண்டாந்து ஹோல்ல போட்டு, என்னைய அதுல ஒட்டி வச்சீங்க. நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு!"

நான் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தேன். கால் என்றால் இருக்கிற ஒரு காலைத்தான் சொல்கிறேன்.

"சனிக்கிழம பிள்ளையப் பாக்கப் போறேன். கோச்சில. நீங்க வந்தா வாங்க, இல்லாட்டி நானாவக் கூப்பிட்டுக்கிட்டுப் போறேன்" என்றேன்.

வந்தார். பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் வந்தார். சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் நல்ல கூட்டம். ரயில் வந்து நின்றது. வாசல் அதே உயரத்தில், பள்ளம் அதே அகலத்தில். ஒரு திருத்தமும் செய்திருக்கவில்லை, யார் செய்யப்போகிறார்கள்? பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் அவரே போய்ப் பேசினார். சிங்களத்தில் கேட்டார். பிறகு அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

தூக்கினார்கள். நான் கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். சேலை சரிந்து மேலே ஏறி, முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடம் வெளியே தெரிந்தது. பெட்டியின் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. பிளாட்போமில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவர் என்னைத் தாங்கியிருந்த கையில் ஒன்றை எடுத்து, அவசர அவசரமாக என் சேலையைக் கீழே இழுக்கப் பார்த்தார். நான் ஒரு பக்கம் சாய்ந்தேன்.

"மறைக்காதீங்க" என்று அந்த ஸ்டேஷனுக்கே கேட்கக் கத்தினேன். "தூக்குங்க!"

தூக்கினார்.